சாமி கண்ணைக் குத்துமா?

சென்ற ஆண்டு தைப்பூசம் கழிந்த சில தினங்களில், பிரிக்பீல்ட்ஸில் உள்ள நமது வீட்டில் மாலை வேளையில் நாம் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தபோது, தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கும் நமது பேத்தி தன் நன்னெறிக் கல்விப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நம் எதிரில் நின்றாள். இந்நாட்டுப் பள்ளிகளில் முஸ்லிம் பிள்ளைகளுக்கு இஸ்லாமியக் கல்வியும், மற்றப் பிள்ளைகளுக்கு நன்னெறிக் கல்வியும் பாடமாக இருப்பது வாசகர்கள் அறிந்ததே. அந்த நன்னெறிப் பாடத்தில் பிள்ளைகள் கற்கவேண்டிய பண்புகள் 14 என்று வகுத்திருக்கிறார்கள். அவற்றுள் முதலாவது இறை நம்பிக்கை. நேர்மை என்பது அதற்கு வெகு தூரம் பின்னால் வருகிறது. 1970-ல் பிரகடனம் செய்யப்பட்ட ருக்குன் நெகாரா என்னும் தேசியக் கோட்பாட்டின் ஐந்து கொள்கைகளிலும் முதல் கொள்கை அதுவே ஆதலால், பாடப்புத்தகம் எழுதியவர்களை நாம் குறை கூறுவதற்கில்லை.

பேத்தி கேட்டதாவது: "தாத்தா, நீங்கதான் சாமி கும்பிடுறது இல்லையே. அப்படின்னா இந்த முதல் பண்பு உங்ககிட்டே இல்லை. முதல் பண்பே இல்லாமே மத்த 13-ம் உங்களுக்கு எப்படி வந்துச்சு?"

இக்கேள்வி நமக்குப் புதிதன்று. இளமை தொட்டு எத்தனையோ கூட்டங்களிலும், கல்யாண வீடுகளிலும், சாவு வீடுகளிலும் இதே கேள்வியைப் பெரியவர்கள் நம்மிடம் கேட்டிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் நம்மை மடக்குவதற்காகக் கேட்டார்கள். நாமும் அவர்களை மடக்குவதற்காகவே பதில் சொன்னோம். இந்தக் குழந்தையோ தெரிந்துகொள்வதற்காகக் கேட்டது. மேடையில் சொல்லிப் பழகிய பதில்களில் ஒன்றும் அந்த முகத்தைப் பார்த்துச் சொல்லத் தக்கதாக நமக்குத் தோன்றவில்லை. "நாளைக்குச் சொல்லுகிறேன்" என்று அனுப்பிவிட்டு, நம்முடைய ஒழுக்கம் எவ்வளவோ அவ்வளவும் எங்கிருந்து வந்தது என்று நமக்கு நாமே கணக்குப் பார்க்கத் தொடங்கினோம். அந்தக் கணக்கையே இங்கு எழுதுகிறோம்.

நாம் பிறந்தது 1952-ல், இதே பிரிக்பீல்ட்ஸில், இரயில்வேத் தொழிலாளர் குடியிருப்பில். தகப்பனார் இரயில்வேயில் வேலை. தாயார் கிள்ளான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவர். வெள்ளிக்கிழமை தவறினாலும் அவருடைய விரதம் தவறாது. ஸ்காட் ரோட்டுக் கந்தசாமி கோவில் மணியைக் கேட்டு எழுந்து, வீட்டுச் சாமி படத்துக்கு விளக்கேற்றிய பின்னரே அவர் அடுப்பை மூட்டுவார். தைப்பூசத்தன்று நகரத்து மகாமாரியம்மன் கோவிலிலிருந்து புறப்படும் ரதத்தின் பின்னால் பத்துமலை வரையில் நடந்து, 272 படிகளையும் பால்குடத்தோடு அவர் ஏறுவதை நாம் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டே பல ஆண்டுகள் பார்த்திருக்கிறோம்.

அந்த வீட்டில் நமக்குப் போதிக்கப்பட்ட முதல் நீதி நூல் ஐந்தே சொற்களால் ஆனது. "பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும்" என்பதே அது. திருடினாலும் கண்ணைக் குத்தும்; பெரியவர்களை எதிர்த்துப் பேசினாலும் கண்ணைக் குத்தும்; நகத்தைக் கடித்தாலும் அதே தண்டனைதான். குற்றம் பெரிதோ சிறிதோ, தண்டனை ஒன்றே என்னும் இந்தச் சட்டத்தை உலகத்தில் எந்த அரசாங்கமும் இயற்றியதில்லை என்று நினைக்கிறோம்.

நமக்கு ஒன்பது வயது நடந்தபோது அந்தச் சட்டத்தைச் சோதித்துப் பார்க்கும் சந்தர்ப்பம் வந்தது. கோவிலுக்குப் போகும் வழியில், தெரு முனையில், ஒரு கிழவி வடை சுட்டு விற்பாள். காசு போட ஒரு பழைய பால் டப்பா வைத்திருப்பாள். ஒரு மாலை அவள் அடுப்பை ஊதக் குனிந்த நேரத்தில், அந்த டப்பாவிலிருந்து 50 காசை எடுத்துக்கொண்டோம். அக்காலத்தில் 50 காசு என்பது அவளுக்கு அரை நாள் வருமானத்துக்கு மேல் இருக்கும். இரவெல்லாம் கண்ணை இறுக மூடிக்கொண்டு படுத்திருந்தோம். விடிந்தபோது இரண்டு கண்களும் இருந்த இடத்திலேயே இருந்தன. ஆனாலும் அச்சம் தீரவில்லை. ஆகவே கோவிலுக்குச் சென்று, எடுத்ததில் 10 காசை உண்டியலில் போட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு, திருநீறு பூசிக்கொண்டு வந்தோம். அச்சம் அடியோடு நீங்கிவிட்டது. மீதி 40 காசில் ஐஸ் வாங்கித் தின்றோம். அது இனித்தது என்பதையும் மறைக்காமல் எழுதவேண்டியிருக்கிறது.

அன்று மாலை அந்தக் கிழவியின் மருமகள் தெருவில் நின்று, "கணக்கிலே 50 காசு குறையுது, கிழவி யாருக்குக் கொடுத்தா?" என்று கூவியதையும், கிழவி பதில் பேசத் தெரியாமல் டப்பாவைத் திரும்பத் திரும்பக் கவிழ்த்துக் கொட்டி எண்ணிக்கொண்டிருந்ததையும் நாம் பார்த்தோம். பார்த்தும் நமக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஏனெனில் நமது வழக்கு அன்று காலையிலேயே 10 காசில் தீர்ந்துபோயிருந்தது. சில மாதங்களில் அவள் அந்த முனைக்கு வருவதை நிறுத்திவிட்டாள்.

நிற்க. நாம் சமயத்தை விட்டு விலகிய கதை மிகச் சாதாரணமானது. 1929 டிசம்பரில் பெரியார் ஈ. வெ. ராமசாமி மலாயாவுக்கு வந்து பல ஊர்களில் பேசிச் சென்றதும், 1954-ல் மறுபடியும் வந்ததும் பலரும் அறிந்த செய்திகள். அந்தப் பேச்சுகளின் வாடை, நமது தாயாரின் தகப்பனார் வாழ்ந்த தோட்டத்து லயங்கள் வரையில் வீசியிருந்தது. எழுத்து வாசனை அறியாத அவர், பிறர் உரக்கப் படிக்கக் கேட்டே பத்திரிகைகளை அறிந்தவர். அவர் பெட்டியில் கிடந்த பழைய தாள்களை நாம் இருபது வயதில் எடுத்துப் படித்தோம், கேள்வி பிறந்தது, பதில் கிடைக்கவில்லை, விலகினோம். நாம் திருநீறு பூசுவதை நிறுத்திய அன்று தாயார் அழவில்லை. "சாமி இல்லேன்னா உனக்கு யார்கிட்டடா பயம்?" என்று மட்டும் கேட்டார். அப்போதும் நம்மிடம் மேடைப் பதில்தான் இருந்தது.

அந்தப் பதிலுக்குச் சோதனை 1979-ல் வந்தது. அப்போது நாம் போர்ட் கிள்ளானில் சரக்குகளை ஏற்றி இறக்கும் ஒரு கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தோம். அங்கே மூட்டை தூக்கும் தொழிலாளி ஒருவர், கல்யாணம் ஆகாதவர், நம்மைவிட இருபது வயது மூத்தவர், ஆண்டுதோறும் காவடி எடுப்பவர். பாங்கிப் பாரங்களில் கையெழுத்துப் போடக் கூசி, மிச்சம் பிடித்த பணத்தைச் சிறுகச் சிறுக நம்மிடம் கொடுத்து வைத்திருந்தார். ரசீது இல்லை, சாட்சி இல்லை. 2,400 வெள்ளி சேர்ந்திருந்தது. தங்கை மகள் கல்யாணத்துக்கு என்று ஒரு முறை சொன்னார். ஒரு நாள் பகல் சாப்பாட்டுக்குப் பின் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

அந்தப் பணத்தை மறுநாளே தங்கையிடம் சேர்த்தோம் என்று எழுத முடிந்தால் இந்தக் கட்டுரை நமக்குப் பெருமையாக இருந்திருக்கும். அப்படி நடக்கவில்லை. அந்த மாதம் நமது குழந்தைக்குக் காய்ச்சல் முற்றி மருத்துவச் செலவு ஏறியது. 350 வெள்ளியை அதிலிருந்து எடுத்தோம். எடுத்த பிறகு நமது பகுத்தறிவு மிகச் சுறுசுறுப்பாக வேலை செய்யத் தொடங்கியது. 'தங்கைக்கு இந்தப் பணம் இருப்பதே தெரியாது. தெரியாத பணத்தை இழந்ததாக ஒருவர் வருந்த முடியுமா? இறந்தவருக்கு இனி வருத்தமும் இல்லை, மறு உலகமும் இல்லை. ஆகவே இதில் துன்பப்படுபவர் யார்?' என்றெல்லாம் அது வாதித்தது. அந்த வாதத்தில் ஓர் ஓட்டையையும் நம்மால் காண முடியவில்லை. வாசகர்களே, பகுத்தறிவு நல்ல வக்கீல். ஆனால் வக்கீல் யார் கட்சியை எடுத்துக்கொள்வார் என்பது அவரை அமர்த்துகிறவரைப் பொறுத்தது என்பதை அந்தப் பதினைந்து நாட்களில் நாம் கற்றோம்.

பதினாறாம் நாள் கருமாதிக்குக் கிள்ளானுக்குப் போனோம். சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவதே நமது எண்ணம். அந்த அம்மாள் நம்மை அடையாளம் கண்டுகொண்டு, இலைக்கு எதிரில் வந்து நின்று, "அண்ணன் உங்களைப் பத்தி ரொம்பப் பேசும். 'குமாஸ்தாத் தம்பி சாமி கும்பிடாது, ஆனா நான் இல்லாட்டியும் அது இருக்கு' அப்படின்னு சொல்லும்" என்றார். பணத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்பது அந்தப் பேச்சிலேயே தெரிந்தது. அதாவது, நாம் தப்பித்துக்கொள்வதற்கு வேண்டிய சாட்சியத்தை அவரே நம் கையில் கொடுத்தார். நமக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் 350 வெள்ளியை ஒரு நண்பரிடம் கடன் வாங்கி, 2,400-ஐயும் கொண்டுபோய்க் கொடுத்து, இடையில் எடுத்ததையும் சொன்னோம். அந்த அம்மாள் பணத்தை எண்ணவில்லை. "அதான் கொண்டாந்துட்டீங்களே" என்று சொல்லிவிட்டு, "அண்ணன் உங்ககிட்டே வேறே என்ன சொல்லுச்சு?" என்று கேட்டார். அவருக்கு வேண்டியிருந்தது அண்ணனுடைய பேச்சு. அன்று வெகு நேரம் அங்கே உட்கார்ந்து நமக்கு நினைவிருந்ததை எல்லாம் சொல்லிவிட்டு வந்தோம்.

அன்றிரவு கிள்ளானிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது, பதினெட்டு ஆண்டுகளாக நினைவில் எழாத அந்த வடைக் கிழவி, டப்பாவைக் கவிழ்த்து எண்ணிக்கொண்டு நம் கண் முன்னே நின்றாள். அப்போதுதான் ஒரு விஷயம் நமக்கு விளங்கிற்று. கிழவியிடம் திருடியபோது நமக்குச் சாமி இருந்தது. ஆகவே கிழவிக்குச் செய்த குற்றத்தைச் சாமியிடம் தீர்த்துக்கொண்டோம். நண்பரின் பணத்தை எடுத்தபோது நமக்குச் சாமி இல்லை. ஆகவே யாருக்குக் கடன்பட்டோமோ அவரிடமே போய் நிற்பதைத் தவிர வேறு வழி நமக்கு இருக்கவில்லை. சமயத்தை விட்டதனால் நீதிபதியை இழந்தோம் என்று தாயார் அஞ்சினார். நாம் இழந்தது தரகரைத்தான்.

இதைச் சொன்னவுடன் பக்தியுள்ள அன்பர்கள் கோபிக்கக்கூடும். "உண்மையான பக்தன் உண்டியலில் 10 காசு போட்டுத் தப்பித்துக்கொள்ள மாட்டான், கிழவியிடம் போய் மன்னிப்புக் கேட்பான்" என்பார்கள். மெய்தான். அப்படிப்பட்டவர்களை நாமும் அறிவோம். நமது தாயாரே அப்படிப்பட்டவர். ஆனால் அவர் அப்படி இருந்தது எதனால் என்று பார்க்கவேண்டும்.

அந்நாளில் எங்கள் குடியிருப்பில் கழிவுக் குழி சுத்தம் செய்ய வரும் ஒருவருக்கு, எல்லா வீடுகளிலும் தண்ணீரைச் சிரட்டையில் ஊற்றுவார்கள். ஒரு நாள் உச்சி வெயிலில் தாயார் வீட்டுத் தம்ளரிலேயே தண்ணீர் கொடுத்துவிட்டார். தகப்பனாரின் தாயார் பதறி, "வெள்ளிக்கிழமையும் அதுவுமா இது சாமி குத்தம் இல்லையா?" என்றார். தாயார் தம்ளரைக் கழுவிக்கொண்டே, "தாகத்துக்குத் தண்ணி கொடுத்ததைக் குத்தம்னு சொல்லுற சாமி என்ன சாமி?" என்றார்.

வாசகர்கள் இதைச் சற்றுக் கவனிக்க வேண்டும். அங்கே தாயார் சாமியையே தராசில் வைத்து நிறுத்தார். சாமியை நிறுத்துப் பார்க்கும் தராசு சாமியிடமிருந்து வந்திருக்க முடியுமா? ஏறக்குறைய 2,400 ஆண்டுகளுக்கு முன் பிளேட்டோ எழுதிய 'யூதிப்ரோ' என்னும் உரையாடலில், தெய்வங்கள் விரும்புவதால் ஒரு செயல் நல்லதாகிறதா, அல்லது நல்லதாக இருப்பதால் தெய்வங்கள் அதை விரும்புகின்றனவா என்று சாக்ரட்டீஸ் கேட்கிறார். தாயார் சாக்ரட்டீஸைக் கேள்விப்பட்டவர் அல்லர். வெயிலில் நின்ற ஒரு மனிதரின் உலர்ந்த உதட்டைப் பார்த்தார், விடை கிடைத்துவிட்டது. பக்தி அந்தக் கருணைக்கு விளக்கேற்றியிருக்கலாம். ஆனால் எண்ணெய் வேறிடத்திலிருந்து வந்தது. நமது திருக்குறளும் கடவுள் வாழ்த்தில் தொடங்குவதே. ஆயினும் 'இன்னா செய்யாமை'க்கு அது காட்டும் காரணங்களைப் படித்துப் பாருங்கள். நமக்கு வலிப்பது பிறருக்கும் வலிக்கும் என்ற கண்கூடான நியாயம் அங்கே இருக்கிறது.

தாயாருக்கு அந்த எண்ணெய் எங்கிருந்து வந்தது என்பதற்கும் ஒரு கதை உண்டு. 1941-ல் கிள்ளான் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். 'தமிழ் நேசன்' பத்திரிகையில் பணிபுரிந்த ஆர். எச். நாதன், கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் வழியாக அவர்களைத் திரட்டினார். சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி, கொடுமைக்கார மேலாளர்களை நீக்குதல், பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்துதல், துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கவேண்டும் என்ற வழக்கத்தை ஒழித்தல் ஆகியவை அவர்களுடைய கோரிக்கைகளில் சில. மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். அதைக் கண்டித்து வேலைநிறுத்தம் மீண்டும் பரவியது. இராணுவம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் மாண்டனர், நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

அந்தக் கோரிக்கைகளுள் தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் ஒன்று. கூலி உயர்வு கேட்பது யாருக்கும் விளங்கும். குடிக்கிறவர்களே குடிக்கும் கடையை மூடு என்று கேட்டார்களே, அது எப்படி? நமது பாட்டனாரும் குடிப்பவராக இருந்தவர். அந்த வேலைநிறுத்தத்தில் நின்றவர். அவர் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் முதல் மாலை துரைக்குத்தான் விழும்; கள் வேண்டாம் என்று அம்மன் பேரால் யாரும் அவருக்குச் சொன்னதில்லை. "எந்தச் சாமி சொல்லித் தாத்தா கள்ளை விட்டீங்க?" என்று ஒரு முறை விளையாட்டாகக் கேட்டோம். அவர் சொன்னார்: "உங்கம்மா அப்போ பத்து வயசுப் புள்ளை. சம்பள நாளிலே கள்ளுக்கடை வாசல்லே மழையிலே நின்னுக்கிட்டு இருந்தா. உள்ளே வந்து கூப்பிடலே. நின்னா. நாங்க எல்லாருமே அப்படி ஒரு புள்ளையை வாசல்லே பார்த்தவங்கதான். அப்புறம் ஒருத்தன் மூஞ்சை ஒருத்தன் பார்த்தோம்." வேலைநிறுத்தத்துக்குப் புறப்படும்போது அவர்களில் பலர் அம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் போனார்கள் என்றும் அவர் சொல்லுவார். நாம் அதை மறுக்கவில்லை. கும்பிட்டுத் துணிவு பெற்றிருக்கலாம். எதற்குத் துணியவேண்டும் என்பதை அந்த மழையில் நின்ற பிள்ளை முன்னமேயே சொல்லியிருந்தாள்.

நம்மைப் போன்ற சீர்திருத்தக்காரர்களுக்கும் இங்கே ஒரு வார்த்தை சொல்லவேண்டும். சாமியை விட்டதனாலேயே ஒருவன் யோக்கியன் ஆகிவிடுவதில்லை. மேடையில் மூட நம்பிக்கையைக் கிழித்துவிட்டு வீட்டில் மனைவியை அடிப்பவர்களையும், சாதி இல்லை என்று முழங்கிவிட்டுத் தம் மகனுக்குச் சொந்தச் சாதியில் பெண் தேடுபவர்களையும் நாம் நேரில் பார்த்திருக்கிறோம். உண்டியலை விட்டவர்கள், 'நான் முற்போக்குக்காரன்' என்ற எண்ணத்தையே புதிய உண்டியலாக வைத்துக்கொள்கிறார்கள். குற்றம் செய்தபோதெல்லாம் அதில் ஒரு சொற்பொழிவைப் போட்டு நிம்மதி அடைகிறார்கள். பயமே இல்லாவிட்டால் உலகம் நடக்குமா என்று கேட்பவர்களுக்கும் நமது பதில் இதுதான். பயம் வேண்டும்; ஆனால் கண்ணைக் குத்துமே என்ற பயம் நம் கண்ணைப் பற்றியது. நம்மால் இன்னொருவர் கண் கலங்குமே என்ற பயம் வேறு வகையைச் சேர்ந்தது. முன்னதைப் 10 காசில் தீர்த்துக்கொள்ளலாம். பின்னதை அப்படித் தீர்க்க வழியில்லை.

மறுநாள் மாலை பேத்தியிடம் இவ்வளவையும் அவளுக்கு விளங்கும்படி சொன்னோம். மற்ற 13 பண்புகளும் நமக்கு முழுமையாக வந்துவிடவில்லை என்றும், வந்த அளவுக்கு அவை பாட்டியிடமிருந்தும், மழையில் நின்ற அந்தப் பிள்ளையிடமிருந்தும், கிள்ளான் அம்மாளிடமிருந்தும் வந்தன என்றும் சொன்னோம். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்த வடைப் பாட்டிக்கு 50 காசைத் திருப்பிக் கொடுத்தீங்களா?" என்றாள்.

"இல்லை" என்றோம். 1979-க்குப் பிறகு நாம் தேடாமல் இல்லை. அவள் பெயர்கூட நமக்குத் தெரியாது. நாம் வளர்ந்த குடியிருப்பு இன்று இல்லை. அருகிலிருந்த இரயில்வே நிலத்தின்மேல் 2001-ல் கே.எல். சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டு, இன்று மாடிக் கட்டடங்கள் நெருங்கி நிற்கின்றன. அந்தத் தெரு முனை எது என்பதையே நாம் திட்டமாகக் காட்ட முடியாது.

"அப்படின்னா இன்னும் கடன்தானே, தாத்தா?"

கடன்தான். இந்த 50 காசை ஏற்று, 'போ, உன்னை மன்னித்தோம்' என்று அவளுக்குப் பதிலாகச் சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. வாங்கிப் போட்டுக்கொள்ள எந்த உண்டியலும் இல்லை. அந்தக் கடனோடுதான் நாம் இருக்கிறோம். தெருவில் பலகாரம் விற்கும் ஒரு கிழவியின் தட்டைக் கடந்து போகும்போதெல்லாம் நமது கை, சில்லறையைச் சரியாக எண்ணிக் கொடுப்பதற்கு அதுதான் காரணம். ஒழுக்கம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு எழுபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து நாம் கண்ட விடை அவ்வளவே என்று கூறி இதை முடிக்கிறோம்.